பிஎம்பி சர்டிஃபிகேட் எடுத்தா ப்ரமோஷன் வருமா? முதல்ல உங்க மாசக்கணக்கை எண்ணுவோம்

வாசகர் கடிதம்:

"அக்கா வணக்கம். டிகிரி முடிச்சு சாஃப்ட்வேர்ல ஏழு வருஷம் ஆச்சு. முதல் மூணு வருஷம் டெவலப்பர், அப்புறம் ஒன்றரை வருஷம் சப்போர்ட் டீம், கடைசி ரெண்டரை வருஷமா டீம் லீட். பேருதான் லீட். பிளான் போடுறது, கிளையன்ட் கால், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், ஒருத்தன் லீவு போட்டா ஆள் தேடுறது எல்லாம் நான்தான். மூணு ப்ராஜெக்ட் ஓட்டியிருக்கேன், ஒண்ணு 14 மாசம், இன்னொண்ணு 11 மாசம் (நடுவுல அஞ்சு மாசம் ரெண்டும் சேந்தே ஓடுச்சு), இப்ப நடக்குறது 10 மாசமா. ரெண்டாவது ப்ராஜெக்டோட மேனேஜர் இப்ப வேற கம்பெனிக்கு போயிட்டார். போன மாசம் ப்ராஜெக்ட் மேனேஜர் இடம் காலியாச்சு, உனக்குத்தான்னு டீமே சொல்லுச்சு, கடைசில வெளியிலேருந்து பிஎம்பி வச்சிருக்கிற ஒருத்தரை கொண்டாந்துட்டாங்க. மனசு விட்டுப்போச்சுக்கா. நானும் பிஎம்பி எடுத்தா சம்பளம் ஏறுமா, ப்ரமோஷன் வருமா, இல்ல ஸ்க்ரம் மாதிரி சின்னதா ஒண்ணு எடுத்தா போதுமா? வீட்ல அவ, பேப்பரை வாங்கி சுவத்துல மாட்டவா இவ்ளோ பாடு, ஒன்றரை வயசு புள்ளைய யாரு பாத்துக்குறதுன்னு கேக்குறா. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நேரா சொல்லுங்க."

பதில்:

தம்பி, நேரா சொல்லச் சொன்னீங்கல்ல, சொல்லிடுறேன். இன்னைக்கு தேதிக்கு நீங்க பிஎம்பிக்கு அப்ளையே பண்ண முடியாது. கோவப்படாதீங்க, உங்க கடிதத்துல நீங்களே கொடுத்த கணக்கை வச்சுத்தான் சொல்றேன்.

பிஎம்பின்னா ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல், ப்ராஜெக்ட் நடத்துறவங்களுக்கான சர்டிஃபிகேட். அத நடத்துற பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமெரிக்காவுல 1969-ல ஆரம்பிச்ச அமைப்பு, இந்த பரீட்சை 1984-லேருந்து இருக்கு. நாலு வருஷ டிகிரி படிச்சவங்க சமீப வருஷங்கள்ல 36 மாசமாவது ப்ராஜெக்டை முன்னால நின்னு நடத்தியிருக்கணும், டிகிரி இல்லாதவங்களுக்கு அது 60 மாசம். இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. ஏழு வருஷ அனுபவம்னா ஏழு வருஷமும் கணக்குல வரும்னு நெனப்பு. டெவலப்பரா இருந்த மூணு வருஷம் வராது, நீங்க கோடு எழுதுனீங்க, நடத்துனது வேற ஒருத்தர். சப்போர்ட் ஒன்றரை வருஷமும் வராது, டிக்கெட் வருது மூடுறோம், நாளைக்கும் வருது மூடுறோம், அதுக்கு ஆரம்பமும் கிடையாது முடிவும் கிடையாது, அவங்க பாஷைல அது ப்ராஜெக்டே இல்ல, அன்றாட ஓட்டம். மிச்சம் டீம் லீடா இருந்தது. 14, 11, 10, மொத்தம் 35, ஒரு மாசம்தானே குறையுதுன்னு தோணும். ஆனா ரெண்டு ப்ராஜெக்ட் ஒரே நேரத்துல ஓடுன அஞ்சு மாசத்தை ஒரு தடவைதான் எண்ணுவாங்க, நீங்க ராத்திரி பகல் ரெண்டையும் இழுத்துருக்கலாம், காலண்டர்ல அது அஞ்சு மாசம்தான். ஆக 30. ஆறு மாசம் பாக்கி.

நல்ல சேதியும் இருக்கு. பதவிப் பேரை அவங்க பாக்கறதில்ல. விசிட்டிங் கார்டுல டீம் லீட்னு இருந்தாலும் சரி, சீனியர் இன்ஜினியர்னு இருந்தாலும் சரி, ப்ராஜெக்டை நடத்துனது நீங்கதானாங்கறதுதான் கேள்வி. அதனால இப்ப ஓடுற ப்ராஜெக்டே இன்னும் ஆறு மாசம் போனா கணக்கு நேராயிடும். புள்ளைக்கும் அப்ப ரெண்டு வயசு ஆயிருக்கும்.

இந்த மாசக்கணக்கை முதல்ல எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. என்ன கேட்டா பிஎம்பியோட பெரிய லாபமே அந்த அப்ளிகேஷன்லதான் ஆரம்பிக்குது. பரீட்சையை பத்தி ஆயிரம் பேர் பேசுவாங்க, அப்ளிகேஷனை பத்தி யாரும் மூச்சு விட மாட்டாங்க. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் நோக்கம் என்ன, உங்க பொறுப்பு என்ன, எப்படி நடத்துனீங்க, முடிவு என்ன ஆச்சுன்னு ரெண்டு மூணு பத்திக்கு எழுதணும். நான் எழுத உக்காந்தப்ப எனக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். என்னமோ பெரிய ஆளுன்னு நெனப்புல உக்காந்தேன். ஒரு ப்ராஜெக்டுக்கு "டீமை ஒருங்கிணைத்தேன், டெலிவரியை உறுதி செய்தேன்"னு எழுதிட்டு அப்படியே கர்சரை பாத்துக்கிட்டு இருந்தேன். எத்தன பேர் டீம்? ஞாபகம் இருந்துச்சு. பட்ஜெட் எவ்ளோ? தெரியல, அது மேல இருந்தவர் கையில இருந்துச்சு. ஸ்கோப்புக்கு, அதாவது என்னென்ன செய்யணுங்கற எல்லைக்கு, யாரு கையெழுத்து போட்டா? யாருமே போடல, மெயில்ல "ஓகே கோ அஹெட்"னு ஒரு வரி வந்துச்சு, அவ்ளோதான். அந்த ப்ராஜெக்ட் ஏன் ரெண்டு மாசம் லேட்டாச்சுங்கறதுக்கு என்கிட்ட காரணம் இல்ல, புலம்பல்தான் இருந்துச்சு. ரெண்டு ராத்திரி எழுதி எழுதி அழிச்சேன். மூணாவது நாள் உருப்படியா நாலு வரி வந்துச்சு, அந்த நாலு வரி அடுத்த பத்து வருஷம் எல்லா இன்டர்வியூலயும் எனக்கு சோறு போட்டுச்சு, பொய்யில்ல.

இப்ப உங்க கதைக்கு வரேன். அந்த இடம் உங்களுக்கு ஏன் வரலங்கறதுக்கு நீங்களே ஒரு காரணம் வச்சுக்கிட்டீங்க, அவர்கிட்ட சர்டிஃபிகேட் இருந்துச்சு என்கிட்ட இல்லைன்னு. இருக்கலாம். ஆனா உங்க மேனேஜர்கிட்ட போய் கேட்டீங்களா? கடிதத்துல அது இல்ல. பெரும்பாலும் நடக்குறது வேற. செலக்ட் பண்ற மூணு நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் உங்கள தெரியும், மத்தவங்களுக்கு நீங்க ஸ்டேட்டஸ் கால்ல கேக்குற ஒரு குரல். வெளியிலேருந்து வந்தவர் அரை மணி நேரம் உக்காந்து நான் இத்தன பேரை வச்சு இத நடத்துனேன், இங்க ஸ்கோப் மாறுச்சு, இப்படி சமாளிச்சேன்னு வரிசையா சொல்லியிருப்பார். நீங்க "எல்லாம் நான்தான் பாத்துக்குறேன்"னு சொல்லியிருப்பீங்க. உங்க கடிதத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கீங்க பாருங்க. அது உண்மைதான், நான் நம்புறேன், ஆனா அத கேக்குற ஆளுக்கு அதுல பிடிச்சுக்க ஒரு கைப்பிடி இல்ல.

சரி, சம்பளம். பிஎம்ஐயே அப்பப்ப சம்பள சர்வே ஒண்ணு போடும், 2023-ல வந்த 13-வது பதிப்புல 21 நாடுகள்ல பிஎம்பி இருக்கிறவங்க சம்பளம் இல்லாதவங்கள விட சராசரியா 33 சதவீதம் ஜாஸ்தின்னு இருந்துச்சு. கோச்சிங் சென்டர் காரங்க இந்த நம்பரை கொட்டை எழுத்துல போட்டு வச்சிருப்பாங்க. நம்பரை தப்புன்னு சொல்லல. ஆனா சர்டிஃபிகேட் விக்கிறவங்களே எடுத்த சர்வேங்கறது ஒண்ணு, அதவிட முக்கியமா, பிஎம்பி எழுதணும்னாலே மூணு வருஷம் ப்ராஜெக்ட் நடத்தியிருக்கணும், அப்ப அந்த கூட்டத்துல இருக்கிறவங்க ஏற்கனவே சீனியர்ங்க, ஏற்கனவே பெரிய கம்பெனில இருக்கிறவங்க, அவங்க சம்பளம் ஜாஸ்தியா இருக்கிறதுல என்ன ஆச்சரியம். பேப்பர் வந்த மறு மாசம் உங்க சம்பளம் மூணுல ஒரு பங்கு ஏறும்னு அதுக்கு அர்த்தம் கிடையாது.

நான் கண்ணால பாத்த வரைக்கும் சொல்றேன். இருக்கிற கம்பெனில பிஎம்பி எடுத்துட்டு வந்து காட்டுனா கைதட்டி, வாழ்த்துக்கள்னு ஒரு மெயில் எல்லாருக்கும் போகும். அப்ரைசல்ல ஒரு வரி சேரும். சில கம்பெனில பரீட்சை காசை திருப்பி கொடுப்பாங்க, அவ்ளோதான். எனக்கும் அப்படித்தான், அந்த வருஷ அப்ரைசல்ல கூடுதலா ஒரு பைசா வரல, வீட்ல சொல்லவே வெக்கமா இருந்துச்சு. சம்பளம் நெசமா நகர்றது வேற வேலைக்கு மாறும்போதுதான். அங்க பிஎம்பி ரெண்டு எடத்துல வேலை செய்யும். ஒண்ணு, உங்க ரெஸ்யூமே மனுஷக் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே எச்ஆர் சிஸ்டத்துல "பிஎம்பி"ன்னு தேடிப்பாங்க, அந்த மூணு எழுத்து இல்லைன்னா நீங்க எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் அந்த லிஸ்ட்லயே இருக்க மாட்டீங்க. இன்னொண்ணு ஆஃபர் பேசுறப்ப. டீம் லீட் சம்பளத்துக்கு மேல இத்தன பர்சன்ட்னு அவங்க ஆரம்பிக்கிறப்ப, நான் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்குத்தான் வந்திருக்கேன், அந்த ரேஞ்சுல பேசலாம்னு சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்குது.

மூணாவதா ஒண்ணு இருக்கு, வெளியில ரொம்ப பேருக்கு தெரியாது. சர்வீஸ் கம்பெனிங்க டெண்டருக்கோ ப்ரப்போசலுக்கோ போறப்ப, ப்ராஜெக்ட் மேனேஜருக்கு சர்டிஃபிகேஷன் இருக்கணும்னு கிளையன்டே எழுதி வச்சிருப்பாங்க, ரெஸ்யூமேவையும் இணைக்கச் சொல்வாங்க. அப்ப சேல்ஸ் டீம் அலையும், யாருகிட்ட பிஎம்பி இருக்கு யாருகிட்ட இருக்குன்னு. அந்த ஒரு வாரம் நீங்கதான் ராஜா. அந்த ப்ரப்போசல் ஜெயிச்சா அதுல உங்க பேர்தான் இருக்கும், இன்னொருத்தரை சட்டுன்னு மாத்த முடியாது, கிளையன்ட் கேள்வி கேப்பான். எனக்கு முதல் பெரிய ப்ராஜெக்ட் அப்படித்தான் கெடச்சுது, திறமையை பாத்தெல்லாம் யாரும் கூப்பிடல, பேப்பர்ல பேர் வேணும்னு கூப்பிட்டாங்க, போன பிறகு வேலையை காமிச்சேன். உங்க கம்பெனி இப்படி ப்ரப்போசல் போடுற கம்பெனியான்னு பாருங்க. சொந்தமா ப்ராடக்ட் செய்யற சின்ன கம்பெனினா இந்த பேச்சுக்கே எடமில்ல, அங்க பிஎம்பின்னா அப்படின்னா என்னன்னு கேப்பாங்க, சில எடத்துல ஓ அந்த டாக்குமெண்ட் கோஷ்டியான்னு நக்கல் கூட பண்ணுவாங்க.

இப்ப படிப்பு. பேப்பரை சுவத்துல மாட்டவான்னு வீட்ல கேட்டாங்கல்ல, அதுக்கு பதில் இந்த எடத்துலதான் இருக்கு. பரீட்சைல மனப்பாட கேள்வி ரொம்ப கம்மி. ஒரு சூழ்நிலை கொடுத்து, ப்ராஜெக்ட் மேனேஜர் அடுத்து என்ன செய்யணும்னு கேப்பாங்க. நானே ஒண்ணு சொல்றேன் பாருங்க. ப்ராஜெக்டுக்கு காசு கொடுக்குற ஸ்பான்சர் நேரா உங்க டெவலப்பர் சீட்டுக்கு போய், இந்த ரிப்போர்ட்ல இன்னொரு வரிசை சேத்துடுப்பான்னு சொல்லிட்டு போயிட்டார். பையன் பாதி முடிச்சுட்டான். உங்களுக்கு சாயங்காலம்தான் தெரியுது. என்ன செய்வீங்க? பையனை திட்டி நிறுத்தச் சொல்வீங்களா, பெரியவர் கேட்டாச்சு போகட்டும்னு விடுவீங்களா, ஸ்பான்சரை பத்தி மேலிடத்துக்கு புகார் மெயில் போடுவீங்களா, இல்ல அந்த ஒரு வரிசையால எத்தன நாள் போகுது, டெஸ்டிங்ல என்ன மாறுது, மத்த எது தள்ளிப்போகுதுன்னு கணக்கு பாத்துட்டு அத எடுத்துக்கிட்டு ஸ்பான்சர்கிட்ட உக்காருவீங்களா? படிக்கிறப்ப கடைசிதான் சரின்னு யாருக்கும் தெரியும். ஆனா நெசத்துல நம்ம வாய் தானா "பண்ணிடலாம் சார்"னு சொல்லிடும். நான் சொல்லியிருக்கேன். கிளையன்ட் ரூம்ல எல்லாரும் சிரிச்சு பேசிட்டு இருந்தப்ப சின்ன மாத்தம்தானேன்னு தலையாட்டினேன், அந்த சின்ன மாத்தம் ஆறு வாரத்தை முழுங்குச்சு, நாலு சனிக்கிழமை டீமே ஆபீஸ்ல கெடந்துச்சு, ஒரு பையன் பேப்பர் போட்டுட்டு போயிட்டான். இந்த மாதிரி கேள்விய மாக் டெஸ்ட்ல நூத்துக்கணக்குல போட்டுப் போட்டு எனக்கு ஒரே ஒரு பழக்கம் வந்துச்சு, யாரு என்ன கேட்டாலும் "என்ன பாதிப்புன்னு பாத்துட்டு நாளைக்கு மதியம் சொல்றேன்"னு வாய் தானா சொல்லுது. முடியாதுன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. இந்த ஒரு வரியாலதான் என் பேர் வெளிய தெரிஞ்சுதுன்னு நான் நெனக்கிறேன், மேல இருக்கிறவங்களுக்கு அந்தம்மா சொன்னா கணக்கு பாத்து சொல்லும்னு ஒரு நம்பிக்கை வந்துருச்சு.

இன்னொண்ணு, எண்ணுல பேசுறது. நீங்க ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல 80 சதவீதம் முடிஞ்சுதுன்னு போடுவீங்க இல்ல? எல்லாரும் போடுறதுதான், அந்த 80 மூணு மாசம் 80-லயே நிக்கும். படிப்புல ஏர்ண்டு வேல்யூன்னு ஒரு கணக்கு வரும், பேரை கேட்டு மிரளாதீங்க. மொத்தம் 100 ஆள் நாள் (ஒரு ஆள் ஒரு நாள் செய்யறது ஒரு ஆள் நாள்) வேலைன்னு வைங்க. இன்னைக்கு தேதிக்கு பிளான்படி 50 நாள் வேலை முடிஞ்சிருக்கணும். நெசமா முடிஞ்சது 40 நாள் வேலை. அதுக்கு நீங்க செலவு பண்ணது 60 ஆள் நாள். 40-ஐ 50-ஆல வகுத்தா 0.8, அதாவது நடை மெதுவா இருக்கு. 40-ஐ 60-ஆல வகுத்தா 0.67 கிட்ட, அதாவது ஒரு நாள் உழைப்பை போட்டா முக்கா நாள் வேலை கூட வெளிய வரல. இதே லட்சணத்துல போனா 100 நாள் வேலைக்கு 150 நாள் ஆகும். இத மீட்டிங்ல சொன்னா யாரும் உங்ககிட்ட ஏன் சோம்பேறித்தனம்னு கேக்க மாட்டாங்க, ஆள் வேணுமா ஸ்கோப்பை வெட்டணுமான்னு கேப்பாங்க. பரீட்சைல இந்த கணக்கு இப்ப ரொம்ப கம்மியாத்தான் வருது, ஆனா வேலைல எனக்கு இதத்தான் ஜாஸ்தி உபயோகம்.

பரீட்சை எப்படின்னு சுருக்கமா சொல்லிடுறேன். 2021 ஜனவரில மாத்துன முறைப்படி 180 கேள்வி, 230 நிமிஷம், நடுவுல பத்து நிமிஷ ப்ரேக் ரெண்டு. ப்ரேக் எடுத்து முடிச்ச பகுதிக்கு திரும்ப போக முடியாது, இது தெரியாம அப்புறம் பாத்துக்கலாம்னு கேள்விய விட்டுட்டு போறவங்க இருக்காங்க. பாதி கேள்வி பழைய பிளான் போட்டு பண்ற முறை, பாதி அஜைலும் (சின்ன சின்ன கட்டமா செஞ்சு காட்டி மாத்திக்கிட்டே போற முறை) ரெண்டும் கலந்த முறையும். எத்தன மார்க் எடுத்தா பாஸ்னு பிஎம்ஐ சொல்றதில்ல. அனுமதி கெடச்சா ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவை எழுதலாம். முறைய சில வருஷத்துக்கு ஒரு தரம் மாத்திடுவாங்க, அதனால அப்ளை பண்ற அன்னைக்கு என்ன நடைமுறைன்னு அவங்க கையேட்டையே எடுத்து படிச்சுக்கங்க, சீனியர் கொடுத்த பழைய நோட்ஸை நம்பி எறங்காதீங்க. 2017-ல வந்த அவங்க வழிகாட்டி புக்கோட (பிஎம்பாக்) 6-வது பதிப்புல 49 ப்ராசஸ் இருந்துச்சு, அத மந்திரம் மாதிரி ஒப்பிச்சவங்க ஏராளம், 2021-ல வந்த 7-வது பதிப்புல புக்கோட அமைப்பே மாறி 12 கொள்கைன்னு போயிடுச்சு. அப்ளை பண்ண 35 மணி நேர கிளாஸும் முடிச்சிருக்கணும், அத இந்த ஆறு மாசத்துல முடிச்சுடலாம், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வச்சா கூட நாலஞ்சு மாசத்துல முடியும்.

டம்ப்ஸ், அதாவது திருட்டுத்தனமா வெளிய சுத்துற பரீட்சை கேள்வித் தொகுப்பு, வேண்டாம். பாஸ் கேரண்டி, பரீட்சையை நாங்களே எழுதி தரோம்னு மெசேஜ் வரும், உங்க பேர்ல அப்ளிகேஷன் போட்ட மறுநாளே வரும், எப்படி தெரியுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. மாட்டுனா சர்டிஃபிகேட்டை பிடுங்கிடுவாங்க.

ஆடிட் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா நான் அதுல மாட்டுனேன். அப்ளிகேஷன்ல சிலதை எடுத்து ஆதாரம் காட்டச் சொல்வாங்க, டிகிரி காப்பி, கிளாஸ் முடிச்ச சர்டிஃபிகேட், ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஆமா இவங்கதான் நடத்துனாங்கன்னு ஒரு மேலாளர் உறுதி. 90 நாள் டைம் தருவாங்க. கேக்க நெறைய மாதிரி இருக்கும், ஆனா என்னோட பழைய மேனேஜர் கம்பெனி மாறி, நம்பர் மாறி, அவரை கண்டுபிடிக்கவே மூணு வாரம் ஓடிடுச்சு. கண்டுபிடிச்சு பேசினா, நீ எந்த ப்ராஜெக்ட்ல இருந்தேன்னு என்கிட்டயே கேக்குறார்.

ஸ்க்ரம் எடுத்தா போதுமான்னு கேட்டீங்க. ஸ்க்ரம்ங்கறது அஜைல்ல ஒரு வகை, அது வேற சந்தை தம்பி. சிஎஸ்எம்ங்கறது (சர்டிஃபைடு ஸ்க்ரம் மாஸ்டர்) பெரும்பாலும் ரெண்டு நாள் கிளாஸ், அப்புறம் 50 கேள்வி, 37 சரியா போட்டா பாஸ், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கணும். பிஎஸ்எம்-1க்கு (ப்ரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர், முதல் நிலை) கிளாஸ் கட்டாயமில்ல, ஒரு மணி நேரத்துல 80 கேள்வி, 85 சதவீதம் வேணும், காலாவதி கிடையாது, கேள்வி கொஞ்சம் கஷ்டம், எனக்கென்னமோ அதுதான் மரியாதையான பரீட்சைன்னு தோணும். நீங்க ஸ்க்ரம் டீம்லயே இருந்து அதுலயே மேல போகணும்னா எடுங்க, கொஞ்ச நாள்ல முடிஞ்சுடும். ப்ராஜெக்ட் மேனேஜர் பதவிதான் கண்ணுன்னா அது மட்டும் பத்தாது. பிரின்ஸ்2-ங்கற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் முறை பிரிட்டிஷ் அரசாங்கம் உருவாக்குனது, அந்த பக்கத்து கம்பெனிங்க, அரசு வேலைங்கன்னா அதத்தான் கேப்பாங்க, அதோட முதல் நிலையான ஃபவுண்டேஷன் பரீட்சைக்கு அனுபவமே கேக்க மாட்டாங்க. சிஏபிஎம் பிஎம்ஐயோட சின்னது, புதுசா வர்றவங்களுக்கு, உங்களுக்கு இந்த வயசுல அது வேண்டாம், ஆறு மாசம் பொறுங்க. இதுல எது உங்களுக்குங்கறத என்கிட்ட கேக்குறத விட, நீங்க போகணும்னு நெனக்கிற மாதிரி வேலைக்கு வந்த விளம்பரம் இருபதை எடுத்து எதுல எத கேட்டிருக்காங்கன்னு கோடு போட்டு எண்ணுங்க. அரை மணி நேர வேலை. இருபதுல ரெண்டுல கூட பிஎம்பின்னு இல்லைன்னா நான் மேல சொன்னதுல பாதிய கழிச்சுடுங்க.

வாங்குன பிறகும் சும்மா இருக்க முடியாது, அதையும் இப்பவே வீட்ல சொல்லி வைங்க. மூணு வருஷத்துக்கு 60 பிடியூ சேக்கணும், அதாவது கிளாஸ், வெபினார், படிப்பு, மத்தவங்களுக்கு சொல்லித் தர்றதுன்னு அறுபது மணி நேரம். வருஷத்துக்கு இருபதுன்னு பிரிச்சா ஒண்ணுமே இல்ல. நான் என்ன பண்ணேன்னா ரெண்டு வருஷம் பத்து மாசம் தூங்கிட்டு கடைசி ரெண்டு மாசத்துல நாப்பது மணி நேரம் வெபினார் ஓட விட்டேன், ஒண்ணும் மண்டைல ஏறல.

வீட்ல அவங்க கேட்டதுக்கு நான் என்ன சொல்றதுன்னா, அவங்க கேள்வி நியாயம். ஆறு மாசமும் கதவை சாத்திக்கிட்டு படிக்கணும்னு இல்ல. முதல் நாலு மாசம் கிளாஸ் மட்டும் போங்க, வாரத்துல ரெண்டு சாயங்காலம். கடைசி ரெண்டு மாசம்தான் தெனம் ஒண்ணரை மணி நேரம் கேக்கும், அது காலைல புள்ள எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஆகட்டும், சாயங்காலம் வேண்டாம், சாயங்காலம் அவங்களுக்கும் நீங்க வேணும். பரீட்சையை வீட்லேருந்து ஆன்லைன்ல எழுதலாம்தான், ஆனா ரூம்ல வேற யாரும் வரக்கூடாது, டேபிள்ல ஒரு துண்டு பேப்பர் இருக்கக்கூடாது, ரெண்டு வயசு புள்ள கதவை தட்டிக்கிட்டு அப்பான்னு அழுதா கேமரால பாக்குறவனுக்கு என்ன தெரியும், சென்டருக்கே போயிடுங்க. அப்புறம் கம்பெனி காசு கொடுக்குதுன்னா அதுக்கு பதிலா இத்தன மாசம் வேலைய விட்டு போகக்கூடாதுன்னு எங்கயாவது ஒரு வரி இருக்கான்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. வேற வேலைக்கு மாறத்தானே எடுக்குறீங்க.

மேனேஜர்கிட்ட பேசுறத தள்ளிப் போடாதீங்க. ஏன் எனக்கு தரலைன்னு கேக்காதீங்க, அவர் சமாதானம்தான் சொல்வார். அடுத்த தடவை இந்த இடம் வந்தா என்கிட்ட என்ன இருந்தா நீங்க யோசிக்காம என் பேரை சொல்லுவீங்கன்னு கேளுங்க. பட்ஜெட் பாத்ததில்லைன்னு சொன்னார்னா, இப்ப நடக்குற ப்ராஜெக்ட்ல பட்ஜெட் ஷீட்டை என்னையும் பாக்க விடுங்கன்னு அங்கயே கேட்டு வாங்கிடுங்க, அப்ளிகேஷன்லயும் அது ஒரு வரியாகும். புதுசா வந்திருக்கிற அந்த பிஎம்பிக்காரர் மேல கடுப்பு வேண்டாம், பாவம் அவர் உங்க இடத்தை பிடுங்க வரல. ரெண்டு மீட்டிங்ல அவர் எப்படி பேசுறார்னு கவனிங்க. நல்லா பண்றார்னா கத்துக்கங்க, சொதப்புறார்னா, அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இன்னைக்கு ராத்திரி ஒரு எக்ஸெல் தொறந்து அந்த மூணு ப்ராஜெக்டையும் போடுங்க, எந்த மாசம் ஆரம்பம், எந்த மாசம் முடிவு, எத்தன பேர், என்ன மாறுச்சு, என்ன முடிவாச்சு. எழுத வராத எடத்துல மஞ்சள் கலர் அடிச்சு வைங்க, அங்கல்லாம் யாரையாவது கேட்டு தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. ரெண்டாவது ப்ராஜெக்டோட மேனேஜர் கம்பெனி மாறிட்டார்னு எழுதியிருக்கீங்கல்ல, அவருக்கு ஒரு மெசேஜ் போட்டு எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க. ஆறு மாசம் கழிச்சு ஆடிட்னு மெயில் வந்த அன்னைக்கு போய் கேட்டா நல்லா இருக்காது.